நீலகிரியின் நிழற்பட நெகட்டிவ்கள்: வரலாறும் காப்புமுறையும்

1. தோற்றுவாய்

சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய காலத்தில் தமிழறிஞர் உலகம் ஒரு பாடத்தைக் கற்றது. சுவடியில் உள்ளதைத் தாளில் பெயர்த்தெழுதியவுடன் சுவடியின் பயன் முடிந்துவிடுவதில்லை என்பதே அப்பாடம். பெயர்த்தெழுதியவர் பிழை செய்திருக்கலாம். பின் வருவோர் ஐயுற்று மூலத்தை நோக்க விரும்பலாம். எந்த ஊரில் எவர் இல்லத்தில் கிடைத்த சுவடி என்பது தெரியாவிடின் பாட வேறுபாடுகளை எடையிட இயலாது. ஆகலின் மூலத்தைக் காத்தல், பிழையறப் பெயர்த்தல், அதன் வரலாற்றைப் பதிதல் என்னும் மூன்றும் ஒரே பணியின் கூறுகளாயின.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழக வாழ்வை அறிய விரும்புவார்க்கு நிழற்பட நெகட்டிவ்களும் ஏடுகளை ஒத்த சான்றுகளே. நெகட்டிவ் என்பது ஒளியும் நிழலும் தம்முள் மாறித் தோன்றும் படம். படக்கருவியினுள் இருந்து, எதிர் நின்ற பொருளின் ஒளியை நேரே ஏற்றது அதுவே. தாளில் அச்சிட்ட படம் அதன் வழிவந்தது. கணிப்பொறியில் ஏற்றிய மின்படியும் அதன் வழிவந்ததே. எனினும் இன்று நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, அதாவது வருடியால் மின்படி எடுத்து, அதன்பின் மூலத்தைக் கழித்துவிடும் வழக்கம் பரவி வருகின்றது. படியெடுத்தபின் ஏட்டை ஆற்றில் விட்ட பழைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். இவ்வழக்கம் தவறு என்பதையும், மூலத்தை நடுவாகக் கொண்டு நெடுங்காலம் நிலைக்கும் காப்புமுறையை எவ்வாறு அமைக்கலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நீலகிரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நிழற்படக் கலை தென்னாட்டில் தொடக்கத்திலேயே வேரூன்றிய இடங்களுள் அஃது ஒன்று. இந்திய அரசு படச்சுருள் செய்யும் தொழிற்சாலையை நிறுவியதும் அம்மலைமேல்தான். படச்சுருளை ஆக்குதற்கு ஏற்றதெனக் கருதப்பட்ட அதே மலைக்காற்று, ஆக்கிய சுருளை நெடுங்காலம் வைத்துக் காத்தற்கு எத்துணை ஏற்றது என்னும் வினாவும் அங்கேயே எழுகின்றது.

2. மலையில் நிழற்படம் தோன்றிய வரலாறு

தென்னாட்டில் நிழற்படம் சான்றாகப் பயன்பட்டது மிகப் பழமையானது. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்ந்து, 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நீண்ட படமாக ஆக்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் அச்சில் வருதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அக்கல்வெட்டின் வடிவம் நிழற்படத்தில் பதிந்துவிட்டது.

நீலகிரியில் உதகமண்டலம் ஐரோப்பியரின் கோடை இருக்கையாக வளர்ந்தபோது நிழற்படக் கலைஞரும் உடன் சென்றனர். சென்னையில் தொழில் நடத்திய நிக்கலஸ் உடன்பிறந்தார் உதகையிலும் நிலையம் வைத்தனர். அவர்களிடம் இளைஞராக வந்து சேர்ந்த ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் பின்னர்த் தாமே தனி நிலையம் நடத்தினார். சாமுவேல் போர்ன் 1860களின் இறுதியில் இம்மலைக்கு வந்து காடுகளையும் அருவிகளையும் படமெடுத்தார். நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் தொகுத்த, மலைப் பழங்குடிகளையும் பழஞ்சின்னங்களையும் பற்றிய நூல், அவர் மறைவுக்குப்பின் 1873இல் நிழற்படங்களுடன் வெளிவந்தது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதி 1906இல் வெளியிட்ட பெருநூலும் படங்களைச் சான்றாகக் கொண்டதே. திராவிட மொழியியலில் பெரும்புகழ் பெற்ற எமனோ 1930களில் தோட மொழியையும் கோத்த மொழியையும் இம்மலையில் தங்கிக் கற்றதைத் தமிழ் மாணவர் அறிவர். அம்மொழிகளைப் பேசிய மக்களின் உடை, மனை, மந்தை ஆகியவற்றின் பழைய வடிவம் எஞ்சியிருப்பது இத்தகைய படங்களில்தான்.

பென் எடுத்த படங்களின் பிற்கால வரலாறு எம் கருத்துக்கு அரண் செய்கின்றது. அவர் பல பத்தாண்டுகள் உழைத்து எடுத்தவை சிதறிப்போயின. ஒரு நூற்றாண்டு கடந்தபின் அவர் வழிவந்தார் ஒருவர், நூலகங்களிலும் தனியார் ஆல்பங்களிலும் ஒட்டிக் கிடந்த தாள் அச்சுகளைத் தேடித் தொகுத்தே அவர் பணியை உலகறியச் செய்ய வேண்டியதாயிற்று. தாள் அச்சு வாங்கியவன் தான் விரும்பிய படத்தை மட்டுமே வாங்குவான். நெகட்டிவ்களின் முழு வரிசையோ, கலைஞன் எங்குச் சென்றான், எதனை முதலில் எடுத்தான், எதனை மீண்டும் எடுத்தான் என்பவற்றைக் காட்டவல்லது. மூலம் அழியுமாயின் அழிவது படங்கள் மட்டுமல்ல; அவற்றின் வரிசையும் அழியும் என்க.

3. அருவங்காடும் இந்து நகரும்

படச்சுருளின் வேதியியலை அறியாதார் அதனைக் காக்க இயலாது. படச்சுருள் இரு பகுதி உடையது. ஒளியை ஏற்கும் வெள்ளி உப்புகள் ஜெலாட்டின் என்னும் பசையில் கலந்து பூசப்பெற்ற மேற்படலம் ஒன்று. அதனைத் தாங்கும் அடிப்படலம் மற்றொன்று. மேற்படலம் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிதும் மாறாதிருக்க, அடிப்படலம் மட்டும் காலந்தோறும் மாறியது. முதலில் கண்ணாடித் தகடு, 1889 முதல் செல்லுலோஸ் நைட்ரேட், பின்னர்ச் செல்லுலோஸ் அசிட்டேட், அதன்பின் பாலியெஸ்டர்.

இவற்றுள் நைட்ரேட் பற்றிக் கூறுங்கால் குன்னூரை அடுத்த அருவங்காடு நினைவுக்கு வரும். அங்கு 1904ஆம் ஆண்டில் கார்டைட் என்னும் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. பஞ்சினை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்துப் பெறும் நைட்ரோ செல்லுலோஸ் கார்டைட்டின் முதற்பொருள்களுள் ஒன்று. அதே இனப்பொருளை நைட்ரஜன் சற்றுக் குறைந்த நிலையில் எடுத்துக் கர்ப்பூரம் கூட்டி ஆக்கியதே பழைய படச்சுருளின் அடிப்படலம். பீரங்கிக்கு மருந்தாவதும் முகத்தைப் பதிப்பதும் ஓரினப் பொருளே. நைட்ரேட் சுருள் எரியத் தொடங்கினால் வெளிக்காற்றின்றியும் எரியும். மண் தூவியும் நீர் சொரிந்தும் அணைத்தல் அரிது. கோடாக் நிறுவனம் 1951 அளவில் நைட்ரேட் சுருள் செய்தலை முற்றும் நிறுத்தியதற்கு இதுவே காரணம். 2003ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் புனேயில் நேர்ந்த தீயில், தேசியத் திரைப்படக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல சாம்பலாயின. பழைய இந்தியத் திரைப்படங்கள் சிலவற்றின் மூலம் அன்று அழிந்தது.

விடுதலைக்குப்பின் இந்தியா படச்சுருளுக்கு அயல்நாடுகளையே நம்பியிருந்தது. மருத்துவமனைக்கு வேண்டும் எக்ஸ்ரே படலமும், திரைத்தொழிலுக்கு வேண்டும் சுருளும், படநிலையங்களுக்கு வேண்டும் தாளும் கப்பலில் வந்தன. இக்குறையை நீக்குதற்கு 1960ஆம் ஆண்டில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் உதகையில் கட்டப்பெற்ற தொழிற்சாலை 1967இல் ஆக்கத்தைத் தொடங்கியது. தூசியற்ற காற்றும் தட்பமும் இவ்விடத்துக்குச் சிறப்பாகக் கருதப்பட்டன. ஈரமான மேற்படலத்தில் ஒரு துகள் விழினும் படத்தில் ஒரு புள்ளி விழும். வெப்பம் மிகின் ஜெலாட்டின் இளகும்.

அங்கு ஆக்கிய பொருள்கள் ‘இந்து’ என்னும் பெயரால் விற்கப்பட்டன. வடமொழியில் அச்சொல் திங்களைக் குறிக்கும். தொழிற்சாலையைச் சூழ்ந்த குடியிருப்பும் இந்து நகர் எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் வண்ணச் சுருள் பரவியமையாலும், இறக்குமதி எளிதாகியமையாலும், ஈற்றில் மின்னணுப் படக்கருவி வந்தமையாலும் நிறுவனம் நலிந்தது. 1990களின் இடைப்பகுதியில் நலிவுற்ற நிறுவனங்களுள் ஒன்றாக அஃது எண்ணப்பட்டு, 2010களில் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேற, ஆலை மூடப்பட்டது. ஆலை மறைந்தது, அதன் சுருளில் பதிந்த முகங்களோ இன்னும் வீடுகளிலும் கடைகளிலும் பெட்டிகளுக்குள் உள்ளன.

4. எஞ்சியிருப்பன எவை

மலையில் எஞ்சிய நெகட்டிவ்களை மூவகைப்படுத்தலாம். முதலாவது வகை தேயிலைத் தோட்டங்களுக்கு உரியது. புதிய தோட்டம் திருத்தல், தொழிற்கூடம் கட்டல், துரைமார் விருந்து, விளையாட்டு விழா முதலியன இவ்வகையில் அடங்கும். இவற்றில் தொழிலாளர் பெரும்பாலும் பின்னணியில் நிற்பர். பெயர் எழுதப்பட்டிருப்பது துரைக்கு மட்டுமே. இரண்டாவது, வீட்டார் தாமே எடுத்தவை. ‘ஆக்ஃபா கிளிக் 3’ போன்ற எளிய கருவிகளில் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்களாக எடுத்தவை இவை. மூன்றாவது, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்க் கடைவீதிப் படநிலையங்களில் எடுத்த உருவப்படங்கள். எண்ணாலும் பொருளாலும் இவையே மிகுதி.

மூன்றாம் வகையின் அருமையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு வந்தோருள் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் திட்டமே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கடவுச்சீட்டிலும் பிற ஆவணங்களிலும் ஒட்டுதற்கு எடுத்த சிறு படமே அக்குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் நிழற்படம். புதிய மண்ணில் வேலைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் மீண்டும் மீண்டும் படம் வேண்டியிருந்தது. அவை மலைக் கடைகளில் எடுக்கப்பட்டன. பாட்டனாரின் முகத்தைக் காட்டும் தாள் அச்சு மழையில் கரைந்துபோன குடும்பத்துக்கு, கடைக்காரரின் பெட்டியில் கிடக்கும் நெகட்டிவ் ஒன்றே எஞ்சிய சான்று.

அப்பெட்டிகளின் நிலை இரங்கத்தக்கது. கடை மூடியபின் பெட்டிகள் மேன்மாடத்துக்குச் செல்லும், மேன்மாடம் ஒழுகும். கருப்பு வெள்ளைப் படலத்தில் வெள்ளி உள்ளமையால் எடைக்கு வாங்கிச் சென்று உருக்குவாரும் உண்டு. உறைமேல் வாடிக்கையாளர் எண் மட்டும் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு பழைய தாளோடு விலைபோயிருக்கும். குன்னூரில் எமக்குக் காட்டப்பெற்ற பெட்டியொன்றில் உறைகள் அனைத்தும் எண் வரிசை குலையாதிருந்தன. வரிசையில் இடையிடையே வந்த பள்ளிக்குழுப் படங்களில் ஆண்டு பொறித்த பலகை இருந்தமையால், முன்பின் உள்ள உருவப்படங்களின் காலத்தையும் உய்த்துணர முடிந்தது. அவ்வுறைகளைப் ‘பெண்கள்’, ‘குழந்தைகள்’, ‘திருமணம்’ எனப் பிரித்து அடுக்கியிருப்பின் அச்சான்று அன்றே அழிந்திருக்கும்.

5. மலைக்காற்றின் இருதன்மை

அசிட்டேட் அடிப்படலம் தீப்பற்றி வெடிப்பதில்லை. ஆயினும் மெல்லச் சிதையும். சிதையுங்கால் அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டுப் புளிக்காடி மணம் வீசும், படலம் சுருங்கும், சுருங்காத மேற்படலம் நெளிந்து வாய்க்கால் வாய்க்காலாக எழும். வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அடுத்துள்ள நல்ல சுருளையும் பற்றும். 21 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிட்டேட் சுருள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் இந்நிலையின் வாயிலை எட்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. வெப்பமும் ஈரமும் மிக மிக அக்காலம் குறுகும். 1970களில் மலையில் எடுத்த படங்கள் 40 ஆண்டு எல்லையைக் கடந்துவிட்டன.

சென்னையின் வெப்பத்தோடு ஒப்பிட உதகையின் தட்பம் சுருளுக்கு நல்லது. ஆனால் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மேகம் வீட்டினுள்ளேயே புகும் மலையில், காற்றின் ஈரப்பதம் பல வாரங்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். 65 விழுக்காட்டைக் கடந்த ஈரத்தில் பூஞ்சை ஜெலாட்டினை உண்ணத் தொடங்கும். ஆலையின் உள்ளே ஈரத்தை எந்திரங்கள் அடக்கின. கடையின் மேன்மாடத்தில் அடக்குவார் இல்லை. எனவே தட்பத்தை மலை தானே தரும், வறட்சியை மனிதர் தரவேண்டும் என்பது நீலகிரிக் காப்புமுறையின் முதல் விதியாகும். சமவெளிக் காப்பகத்துக்கு எழுதிய விதிகளை அப்படியே இங்குக் கொண்டுவருதல் பொருந்தாது.

6. காப்புமுறையின் படிகள்

முதற்படி வரவுப் பதிவு. பெட்டி வந்த நாள், தந்தவர், வந்த இடம், உறைகளின் வரிசை ஆகியவற்றைத் திறப்பதற்கு முன்னரே பதிதல் வேண்டும். ஒவ்வோர் உறைக்கும் தொடரெண் இடுக. எண்ணில் பொருள் எதனையும் புகுத்தலாகாது. இன்று ‘குன்னூர்’ என்று எண்ணிய படம் நாளை ‘கோத்தகிரி’ எனத் தெளிவுறின் எண்ணை மாற்ற வேண்டிவரும்.

இரண்டாம் படி அடிப்படலத்தைப் பிரித்தறிதல். சுருளின் விளிம்பில் ஆக்கியோர் பெயரும் எண்ணும், சிலவற்றில் தீப்பாதுகாப்பான படலம் என்னும் குறிப்பும் காணப்படும். நைட்ரேட் என ஐயம் தோன்றுவனவற்றை உடனே பிரித்துக் காற்றோட்டமுள்ள தனியிடத்தில் வைத்து வல்லுநரைக் கலந்துகொள்ளல் வேண்டும். அசிட்டேட் சுருள்களிடையே அமிலம் காட்டும் நிறத்தாளை ஒருநாள் இட்டு வைத்தால் சிதைவின் அளவு புலனாகும். நீலம் நலம், பச்சை எச்சரிக்கை, மஞ்சள் முதிர்ந்த சிதைவு. மஞ்சள் காட்டியவற்றை முதலில் வருடுக. பணி வரிசையைப் படத்தின் அழகால் அமையாது அழிவின் விரைவால் அமைத்தல் முறை.

மூன்றாம் படி தூய்மையும் உறையிடலும். காற்றூதியாலும் மெல்லிய தூரிகையாலும் தூசியை நீக்கினால் போதும். நீரும் துணியும் வேண்டா. படநிலையத்தார் நெகட்டிவின்மேல் பென்சிலால் முகத்தைத் திருத்துவதுண்டு. அத்தீற்றலைத் துடைத்தல் உரையாசிரியர் எழுதிய ஓரக்குறிப்பை அழித்தலை ஒக்கும். ரப்பர் வளையம், பிவிசி நெகிழி உறை, பசை ஆகியவற்றை விலக்கி, அமிலமற்ற தாளுறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ இடுக. பழைய உறையையும் எறியற்க. அதன்மேல் உள்ள எழுத்தும் சான்றே.

நான்காம் படி வருடல். 35 மில்லிமீட்டர் சுருளின் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவினது. அதனை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் வருடினால் ஏறத்தாழ 5670க்கு 3780 புள்ளிகள், அதாவது 2 கோடியே 14 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளிக்கு 16 பிட் வீதம் கருப்பு வெள்ளையில் சேமித்தால் ஒரு படம் ஏறத்தாழ 43 மெகாபைட். 10,000 படங்களுக்கு 430 ஜிகாபைட். விளம்பரத்தில் கூறும் புள்ளி வீதத்தை மேசை வருடிகள் பல உண்மையில் எட்டுவதில்லை. கோட்டளவுத் தகடு கொண்டு சோதித்த பின்னரே கருவியைத் தேர்க. மூலப்படியைச் சுருக்கமில்லாத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பார்வைக்குரிய சிறு படிகளை அதிலிருந்தே ஆக்குதல் வேண்டும்.

இங்குச் சுவடிப் பதிப்பாளர் நன்கு அறிந்த இடர் ஒன்று உண்டு. ஏட்டைப் பெயர்த்தவர் தமக்கு விளங்காத சொல்லைத் தாமே திருத்திவிடுவது போல, வருடியும் தூசி, கீறல் என்று தான் கருதுவதை நிரப்பிவிடும். அகச்சிவப்புக் கதிரால் தூசியை அறிந்து நீக்கும் முறை வண்ணச் சுருளுக்கே பெரும்பாலும் ஒக்கும். கருப்பு வெள்ளைச் சுருளில் படத்தை ஆக்கும் வெள்ளியே அக்கதிரை மறைத்தலின், கருவி படத்தின் பகுதியையே தூசியென மயங்கித் திரிக்கும். மூலப்படியில் இம்முறையையும், கூர்மையூட்டல் போன்ற பிற ஒப்பனைகளையும் நிறுத்திவிடுக. படத்தின் விளிம்பையும் சேர்த்து வருடுக. ஆக்கியோர் பெயரும் படவெண்ணும் அங்கேயே உள்ளன. மேற்படலம் எப்பக்கம் நோக்கியது என்பதைப் பாராது வருடினால் இடம் வலமாகும். கடைப்பலகையின் தமிழெழுத்து தலைகீழ்க் கண்ணாடிபோல் தோன்றிப் பிழையை உணர்த்தும் படங்கள் சிலவே. ஏனையவற்றில் பிழை என்றும் அறியப்படாது நின்றுவிடும்.

ஐந்தாம் படி மின்படிகளைக் காத்தல். மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்று வேறூரில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. நிலச்சரிவும் பெருமழையும் உள்ள மாவட்டத்தில் மூன்றாம் படியைச் சமவெளி ஊரில் வைத்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பெண் ஒன்றைக் கணித்துப் பதிந்து, ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருப்பினும் புலப்படும். வன்தட்டு சில ஆண்டுகளே உழைக்கும் பொருள். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் புதியதற்கு மாற்றுதற்குரிய பொருளும் ஆளும் திட்டத்திலேயே இடம்பெறல் வேண்டும். பனையேட்டை நூறு இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்தெழுதிய நம் முன்னோரினும் அடிக்கடி பெயர்க்க வேண்டிய கடன் நமக்கு உண்டு.

ஆறாம் படி மூலத்தின் இருப்பிடம். பெருங் குளிர்க் கிடங்கு கட்ட வசதியில்லாத சிறு காப்பகத்தார் நெகட்டிவ் பெட்டியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடனும் ஈரங்காட்டும் அட்டையுடனும் இரட்டை உறையில் காற்றுப் புகாது மூடி, வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கலாம். வெளியே எடுத்தபின் அறை வெப்பம் அடையுமளவும் உறையைத் திறவாதிருத்தல் வேண்டும். திறப்பின் நீர் படியும். வருடியாயிற்று என்று மூலத்தைக் கழிப்பவர், நாளை வரவிருக்கும் சிறந்த கருவியின் வாயிலை அடைத்தவர் ஆவர்.

7. குறிப்பும் உரிமையும்

மேற்கூறிய படிகள் பொறியறிவால் முடிவன. தமிழ்த்துறையின் பங்கு இனித்தான் தொடங்குகின்றது. பெயரற்ற முகம் வரலாற்றுக்குப் பாதியே பயன்படும். ஒவ்வொரு படத்துக்கும் மூவகைக் குறிப்பு எழுதுதல் வேண்டும்: உறையிலும் விளிம்பிலும் உள்ள எழுத்து முதலாவது, ஊரார் கூறிய செய்தி, கூறியவர், கூறிய நாள் இரண்டாவது, குறிப்பெழுதுவோர் உய்த்துணர்ந்தது மூன்றாவது. மூலம், வழிவழிச் செய்தி, உரையாசிரியர் கருத்து ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாது வைத்தல் நம் பதிப்புமரபு. அம்மரபை இங்கும் ஆளுதல் தகும். படகு, தோடம், கோத்தம், மலையகத் தமிழ் ஆகியவற்றில் ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் எவ்வாறு வழங்கினவோ அவ்வாறே ஒலி பிறழாது பதிதல் மொழியாராய்ச்சிக்கும் உதவும்.

இதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு படத்தை வருட 4 நிமிடம் எனக் கொண்டால் 10,000 படங்களுக்கு 667 மணி. நாளுக்கு 5 மணி வீதம் 133 நாள். ஒரு படத்துக்குக் குறிப்பெழுத 10 நிமிடம் எனக் கொண்டால் 1,667 மணி, 333 நாள். குறிப்பெழுதற்கு வருடலினும் இரண்டரை மடங்கு காலம் வேண்டும். வருடிக்கு மட்டும் பொருள் ஒதுக்கிக் குறிப்புக்கு ஆள் ஒதுக்காத திட்டங்கள், பெயரற்ற கோப்புகளின் குவியலாக முடிதற்கு இதுவே காரணம். வருடும் பணியை ஐந்தாண்டுக்குப் பின்னும் செய்யலாம். முகத்தைக் கண்டு பெயர் சொல்லும் முதியவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகலின் விரைவாக எடுத்த சிறு படிகளைக் கையிற் கொண்டு முதலில் முதியோரிடம் செல்லுதலும், நுண்ணிய வருடலை அதன்பின் நிகழ்த்துதலும் ஏற்ற வரிசை என்பது எம் கருத்து. அழுகத் தொடங்கிய சுருள்கள் மட்டும் இதற்கு விலக்கு.

உரிமையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொருள் கொடுத்து ஒருவர் எடுப்பித்த படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாவிடத்து, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் கடைக்காரர் கையில் இருப்பினும் உரிமை வாடிக்கையாளருடையது. சட்டத்தினும் மேலான முறைமையும் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் சடங்குகளையும் இழவு நிகழ்ச்சிகளையும் காட்டும் படங்கள், அம்மக்கள் இசைவின்றி எடுக்கப்பட்டனவாதல் கூடும். அவற்றைக் காத்தல் வேறு. எல்லார்க்கும் காட்டுதல் வேறு. யாவற்றையும் காத்து, காட்டுவனவற்றை அந்தந்தக் குடியினரைக் கேட்டு முடிவு செய்தலும், அவர்களுக்குரிய படங்களின் படியை அவர்களிடம் சேர்ப்பித்தலும் காப்பகத்தின் கடமை.

8. முடிபு

இத்தகைய முயற்சி தமிழகத்துக்குப் புதியதன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காத்து வருகின்றது. அந்நிறுவனத்தாரே பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையால் தமிழகப் படநிலையங்களின் பழைய உருவப்படங்களையும் மின்படியாக்கியுள்ளனர். நீலகிரிக்கு வேண்டுவது அவ்வழியில் செல்லும், மலையின் ஈரத்தையும் மலைமக்களின் பல மொழியையும் கருத்தில் கொண்ட, சிறிய ஆனால் இடையறாத ஓர் ஏற்பாடு.

முடிந்த கருத்துகளைத் தொகுத்துக் கூறுவோம். நெகட்டிவே மூலச்சுவடி, மின்படி அதன் பெயர்ப்பு. வரிசையும் உறையும் மூலத்தின் பகுதிகள். மலை தட்பத்தைத் தரும். வறட்சியை நாம் தரவேண்டும். கருவி நிரப்பிய இடைச்செருகல் மூலப்படியில் புகலாகாது. குறிப்பு எழுதும் பணி வருடலினும் பெரிது, விரைந்து செய்யத்தக்கது. இவற்றுள் இறுதியிற் கூறியதற்குப் பெருங் கருவிகள் வேண்டா. ஒரு கைப்பேசிப் படியும், ஒரு குறிப்பேடும், மொழியறிந்த மாணவர் இருவரும் போதும். கோடை விடுமுறையில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ மூடிய படநிலையம் ஒன்றின் பெட்டியை உரியவர் இசைவுடன் எடுத்துக்கொண்டு, அவ்வூர் முதியோரிடையே அமர்ந்து பெயர்களைக் கேட்டெழுதும் பணியை முதுகலை மாணவர் ஆய்வேட்டுப் பொருளாகக் கொள்ளத் துறைகள் இசைதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.